என் குரலில் நான் சொல்லாதது

அக்டோபர் 7, செவ்வாய்

இன்று முழுவதும் 'ஆறாவது' என்ற ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெரிய நிலையத்தில் புதிதாக ஆறாவது நடைமேடை கட்டி முடித்திருக்கிறார்கள். அதற்கு ஒரு வாய் வேண்டாமா? அந்த வாய் நான்தான். இந்த நகரத்து ரயில் நிலையங்கள் எல்லாவற்றிலும், ரயில்களுக்குள்ளும் ஒலிபெருக்கியில் பேசுகிறவள். முகம் யாருக்கும் தெரியாது. கடையில் அரைக் கிலோ வெங்காயம் கேட்டால் கடைக்காரர் ஒரு நொடி தலையைச் சாய்த்துப் பார்ப்பார், எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று. அப்புறம் வழக்கம்போல அழுகலில் நாலைச் சேர்த்துப் போட்டுவிடுவார்.

ஒவ்வொரு சொல்லையும் மூன்று விதமாகச் சொல்ல வேண்டும். வாக்கியத்தின் தொடக்கத்தில் வருகிற மாதிரி, நடுவில் வருகிற மாதிரி, முடிவில் வருகிற மாதிரி. ஒலிப்பதிவுக் கூடத்து அண்ணன் அவற்றைத் துண்டு துண்டாக நறுக்கி வைத்துக்கொண்டு, வேண்டும்போது வேண்டியதை ஒட்டிக்கொள்வார். 'பத்து நிமிடம்' ஒரு வருடம் சொன்னது, 'தாமதமாக' இன்னொரு வருடம் சொன்னது. கேட்பவருக்கு ஒரே மூச்சில் சொன்னதாக இருக்கும். அண்ணனுக்கு நான் வைத்திருக்கும் பெயர் ஊசிக்காது. என் வயிறு லேசாக முனகினால்கூட, "ஏதாவது சாப்பிட்டு வாங்கம்மா, அப்புறம் எடுக்கலாம்" என்று நிறுத்திவிடுவார்.

நாளை வாக்கு எண்ணிக்கை. என்ன ஆகும் என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் அந்தப் பெரிய நிலையத்துக்குள்தான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். "யாரு வந்தாலும் கண்ணாடி உடையத்தான் செய்யும்" என்றார். ஆனால் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

அக்டோபர் 8, புதன்

தோற்றுவிட்டோம்.

'தோற்றுவிட்டோம்' என்று எழுதுகிறேனே, நான் எந்தக் கட்சி? கொடி பிடித்தேனா, கூட்டத்துக்குப் போனேனா? இருந்தாலும் வேறு சொல் வரவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

தம்பி இனிப்புப் பெட்டியோடு வந்தான். ஜெயித்த கட்சிக்காகத் தெருத்தெருவாகக் கத்தி அவனுக்குக் குரலே போய்விட்டது. நல்ல பிள்ளை. அம்மா படுக்கையில் கிடந்த காலத்தில் என்னைவிட அவன்தான் அதிகம் பார்த்துக்கொண்டான். அதனால்தான் அவனிடம் சண்டை போட வாய் வரமாட்டேன் என்கிறது. கெட்டவனாக இருந்து தொலைத்திருந்தால் எவ்வளவு சுலபம்.

"இனிமே பாருக்கா. வெளியிலேருந்து வந்தவங்களை ஒவ்வொருத்தரா கணக்கெடுத்து அனுப்பப் போறாங்க. நம்ம ஊரு நம்மகிட்ட திரும்பி வரப்போகுது" என்றான்.

அந்த நேரம் பார்த்து மாடியக்கா வாசலில் வந்து நின்றார். எங்கள் மேல்வீட்டில் குடியிருப்பவர். வேறு நாட்டிலிருந்து வந்து, மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு துவைக்கிற வேலை. மொட்டைமாடியில் என்னிடம் வாங்கிய துணிக் கவ்விகளைத் திருப்பித் தர வந்திருந்தார். தம்பி சட்டென்று எழுந்து, "வாங்கக்கா, இனிப்பு எடுத்துக்குங்க" என்று பெட்டியை நீட்டினான். மனதார நீட்டினான். 'வெளியிலிருந்து வந்தவர்கள்' என்றால் அவன் மனதில் வேறு யாரோ. மாடியக்கா ஒன்றை எடுத்துக்கொண்டு, "நல்லா இருங்க" என்று சிரித்தபடி சொல்லிவிட்டுப் படியேறிப் போனார். அதைச் சாப்பிட்டாரா?

நான் கவ்விகளைக் கூடைக்குள் வெகு அக்கறையாக அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 20, திங்கள்

எல்லாம் அப்படியே இருக்கிறது. அதுதான் எரிச்சல். ரயில் வருகிறது, போகிறது. குழாயில் தண்ணீர் வருகிறது. வெங்காயக்காரர் ஏமாற்றுகிறார். இடி விழுந்த மாதிரி ஏதாவது நடக்கும் என்று மனம் எதிர்பார்த்துக் காத்திருந்தால், ஒரு நாசமும் நடக்காமல் நாள் நகர்கிறது. நான்தான் அளவுக்கு மீறிப் பயந்துவிட்டேனோ?

எனக்கென்று பெரிய கொள்கை எதுவும் கிடையாது. ஆளை ஆளாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆட்சியில் யார் உட்கார்ந்தாலும் என் வீட்டுக்குள், என் வேலைக்குள் நான் அப்படி இருந்துகொண்டால் போதாதா? அதை யார் வந்து தடுக்கப் போகிறார்கள்?

நவம்பர் 3, திங்கள்

வெல்வெட் கூப்பிட்டனுப்பினார். எங்கள் பிரிவின் மேலாளர். அவர் பேசினால் காதில் துணி உரசுகிற மாதிரி இருக்கும், அதனால் வெல்வெட். "உட்காருங்கம்மா. டீ சொல்லட்டுமா?" என்று கேட்டாரே தவிர, சொல்லவில்லை. மேலிடத்திலிருந்து வந்த புது அறிவிப்பு என்று ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். 

குடியுரிமைக்கான அடையாள அட்டை இல்லாதவர்களை நிலையத்திலோ ரயிலிலோ கண்டால் பயணிகள் காவலரிடம் தெரிவிக்க வேண்டுமாம். கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை, எல்லா நிலையங்களிலும் ரயில்களிலும்.

படித்தேன். பயணிகள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? நெற்றியில் எழுதியா ஒட்டியிருக்கிறது? முகத்தைப் பார்த்துத்தானே? நிறத்தைப் பார்த்துத்தானே? 

"நாளைக்கே எடுத்துடலாமா?" என்றார்.

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். வெளியே வந்தது வேறு. "தொண்டை கட்டியிருக்கு சார். ரெண்டு நாளா சரியில்ல." சொல்லும்போதே குரலைக் கொஞ்சம் கரகரப்பாக்கிக்கொண்டேன். தொழில் தெரிந்தவள் அல்லவா, அச்சு அசலாக வந்தது. "அடடா, உடம்பைப் பாத்துக்குங்க" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார் மனிதர்.

மின்தூக்கியில் இறங்கும்போது ஏதோ ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

நவம்பர் 4, செவ்வாய்

வீட்டுக்காரர் என்னை மெச்சிக்கொண்டார். "நல்ல வேலை பண்ணே. முடியாதுன்னு முகத்துக்கு நேரா சொல்லியிருந்தா தீந்தோம். இப்படியே ரெண்டு வாரம் இழு. வேற யாரையாவது பாத்துக்குவாங்க." கடை இருக்கும் இடம் ரயில் நிர்வாகத்தினுடையது. ஜனவரியில் அனுமதியைப் புதுப்பித்துத் தர வேண்டியது வெல்வெட்டின் பக்கத்து அறைக்காரர். எனவே எனக்குத் தொண்டை கட்டித்தான் ஆக வேண்டும்.

கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு திரிகிறேன். ஒன்றுமில்லாத தொண்டைக்கு உப்புத் தண்ணீர் கொப்பளிக்கிறேன். 

நவம்பர் 6, வியாழன்

மாடியக்கா சுடுதண்ணீர்ப் பாத்திரத்தோடு இறங்கி வந்துவிட்டார். "கொப்பளிச்சா மட்டும் போதாது, ஆவி பிடிக்கணும்" என்று என்னை உட்கார வைத்துத் தலையில் போர்வையைப் போட்டார். உள்ளே நான் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருக்க, வெளியே அவர் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய அட்டைக்கான விண்ணப்பம் இன்னும் அலுவலகத்தில்தான் கிடக்கிறதாம். போய்க் கேட்டால் காத்திருங்கள் என்கிறார்களாம். ரசீது ஒன்றுதான் கையில். "ரசீதைக் காட்டினா போதும்னு சொல்றாங்க. யாருக்குப் போதும்னு சொல்ல மாட்டேங்கிறாங்க" என்று சிரித்தார்.

போர்வைக்குள்ளேயே நான் அழுதேன். ஆவி பிடிக்கும்போது அழுவதில் ஒரு வசதி, யாருக்கும் தெரியாது. இவரிடமும் பொய் சொல்லிவிட்டேனே. இவருக்காகச் சொன்ன பொய்தான் என்று ஒரு சப்பைக்கட்டு மனதில் ஓடியது. பொய். பாதி கடைக்காகச் சொன்னது. மீதி என் பயத்துக்காகச் சொன்னது.

நவம்பர் 12, புதன்

வெல்வெட்டிடமிருந்து பேச்சு மூச்சு இல்லை. தப்பித்தேனா?

நவம்பர் 17, திங்கள்

எழுத்து கோணல்மாணலாக வருகிறது.

காலையில் வேலைக்குப் போக நிலையத்துக்குள் நுழைந்தேன். கூட்டம். என் குரல் வழக்கம்போல ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. என் குரலை நான் கவனிப்பதே இல்லை, வீட்டுக் கடிகாரச் சத்தம் மாதிரி அது. திடீரென்று காது நின்றது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. அடையாள அட்டை இல்லாத நபர்கள் இருப்பதைக் கண்டால், உடனடியாக அருகிலுள்ள காவலரிடம் தெரிவிக்கவும். தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி."

நான் சொன்னேன். நான்தான் சொன்னேன். நான் சொல்லவே இல்லையே!

ஒவ்வொரு துண்டும் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 'அடையாள அட்டை', மாதச் சீட்டு வைத்திருப்பவர்களுக்கான அறிவிப்பிலிருந்து. 'இல்லாத நபர்கள்', பயணச்சீட்டு இல்லாத நபர்கள் அபராதம் கட்ட நேரிடும் என்று சொன்னதிலிருந்து. மீதி முழுவதும் — பை. கேட்பாரற்ற பைகள் இருப்பதைக் கண்டால் உடனடியாக அருகிலுள்ள காவலரிடம் தெரிவிக்கவும் என்று போன வருடம் சொன்னேனே, அதுதான். பை இருந்த இடத்தில் ஆளைத் தூக்கி வைத்துவிட்டார்கள்.

அதிலும் அந்தத் தொனி. அன்றைக்கு ஊசிக்காது திரும்பத் திரும்பச் சொன்னார், "பயமுறுத்தாதீங்கம்மா. ஜனங்க மிரண்டு ஓடுவாங்க. அக்கறையா, வீட்டு ஆளுகிட்ட சொல்ற மாதிரி சொல்லுங்க." நானும் இருக்கிற அன்பையெல்லாம் கூட்டி அதைச் சொன்னேன். என் வாழ்க்கையிலேயே நான் அவ்வளவு கனிவாக எதையும் சொன்னதில்லை.

வேலைக்குப் போகவில்லை. அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

நவம்பர் 18, செவ்வாய்

ஊசிக்காது கண்ணைப் பார்க்கவில்லை. ஹெட்போனைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். "எனக்கும் ரெண்டு பொண்ணு படிக்குதும்மா" என்றார். நான் ஒன்றும் கேட்காமலே சொன்னார். கேட்கலாம் என்று போனவள் கேட்காமலே திரும்பினேன். தொண்டை வலி என்றவளுக்கு அவரிடம் கேட்க என்ன யோக்கியதை?

வெல்வெட் எழுந்து நின்று வரவேற்றார். "வாங்க, வாங்க. தொண்டை எப்படி இருக்கு? உங்களுக்குச் சிரமம் கொடுக்கக்கூடாதுன்னுதான் பழசுலேருந்தே எடுத்துக்கிட்டோம். சேர்ந்ததே தெரியல பாத்தீங்களா?" 

"என்னைக் கேட்டிருக்கலாம் சார்."

"உங்க ஒப்பந்தத்துலயே இருக்கேம்மா. பதிவு பண்ணினது எல்லாம் நிர்வாகத்துக்குச் சொந்தம். நீங்க ஓய்வெடுங்க."

எவ்வளவு மரியாதை! திட்டியிருந்தால்கூட நாலு வார்த்தை திருப்பிப் பேசியிருப்பேன். என்னைக் கதவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, காற்று வருகிறதா என்று விசாரிக்கிற மரியாதை.

நவம்பர் 19, புதன்

தம்பி போன் செய்தான். "அக்கா! நிலையத்துல கேட்டேன். புல்லரிச்சுப் போச்சு. பக்கத்துல நின்னவன்கிட்ட, இது எங்கக்கா குரல்னு சொன்னேன். அவன் நம்பவே இல்ல."

"சாப்பிட்டியா?" என்று கேட்டேன். எனக்கு அதுதான் வந்தது.

நவம்பர் 21, வெள்ளி

மாடியக்கா படியில் இறங்கும் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடினேன். என்னைக் கண்டதும் செருப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டார். நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. தம்பியிடம் இனிப்பை எடுத்துக்கொண்டபோது சிரித்த அதே சிரிப்பு.

மொட்டைமாடிக் கொடியில் அவர் துணி இல்லை. வீட்டுக்குள்ளேயே காயப்போடுகிறார்போல.

நவம்பர் 23, ஞாயிறு

பொறுக்க முடியாமல் மேலே போனேன். கதவைத் திறந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"நான் சொல்லலக்கா. ஒட்டி வெச்சிருக்காங்க. வேற எதுக்கோ சொன்னதை எடுத்து..." விளக்க விளக்க எனக்கே நம்பும்படியாக இல்லை. மூன்று தொனி, துண்டுகள், பை என்று என்னென்னவோ உளறினேன்.

பொறுமையாகக் கேட்டார். "சரி. நீ சொல்லல. ஆனா அவங்க கேட்டாங்கல்ல? கேட்டப்ப நீ என்ன சொன்னே?"

"தொண்டை கட்டியிருக்குன்னு சொன்னேன்."

ஆவி பிடிக்க வைத்தது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். என் கழுத்தை ஒரு தடவை பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"தேர்தல்ல இருந்து எத்தனையோ பேரு எங்களைத் திட்டிக் கேட்டாச்சு. அதெல்லாம் பழகிப்போச்சு. ஆனா நீ சொல்றது அதட்டுற மாதிரி இல்லம்மா. அவ்வளவு அன்பா இருக்கு. அதைக் கேட்டா எனக்கே, நான் போய் என்னைப் பிடிச்சுக் கொடுத்துடலாமான்னு தோணுது. அதான் பயமா இருக்கு" என்றார்.

கீழே வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

நவம்பர் 24, திங்கள்

முடியாது என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. அப்போதும் பழசிலிருந்து ஒட்டியிருப்பார்கள். அப்போதும் என் குரல்தான் கத்தியிருக்கும். அப்படியென்றால் தொண்டை வலிக்கும் 'முடியாது'க்கும் என்ன வித்தியாசம்?

இருக்கிறது. நேற்று மாடியக்கா கேட்டபோது சொல்வதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்திருக்கும்.

நவம்பர் 26, புதன்

இன்றைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். துண்டு கிண்டு எதுவும் சுற்றிக்கொள்ளாமல் போனேன். "எனக்குத் தொண்டையில ஒண்ணுமில்ல சார். அன்னிக்கும் ஒண்ணுமில்ல. அந்த அறிவிப்பை நான் சொல்ல மாட்டேன். என் குரல்ல போடுறதை நிறுத்துங்க."

வெல்வெட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் வீட்டுக்காரர் செய்துகொடுத்த கண்ணாடி. "எதை மாட்டேங்கிறீங்க? அதுதான் முடிஞ்சு போச்சேம்மா" என்றார். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. பெய்து முடித்த மழையைப் பெய்யாதே என்கிறவளைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். "உடம்புதான் சரியில்லைன்னு நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு, கதவு வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

எங்கே போனாலும் நான் எனக்கு முன்னால் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறேன். நடைமேடையில், படிக்கட்டில், கழிவறையில்கூட. காதைப் பொத்தலாம். வாயைப் பொத்த முடியாது, அது என்னிடம் இல்லை.

டிசம்பர் 1, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மாடியக்கா போகிற விடியற்காலை ரயிலுக்கு நானும் போனேன். கூட வருகிறேன் என்றால் வேண்டாம் என்பார், அதனால் கொஞ்சம் பின்னால். நடைமேடையில் அவர் தூணை ஒட்டி நின்றார். நான் அடுத்த தூணில். ஒலிபெருக்கியில் நான் வந்தேன். கனிவான கவனம், அடையாள அட்டை, இல்லாத நபர்கள். நான் சொல்லி முடித்த உடனே, நல்ல சட்டை போட்ட ஓர் ஆள் சுற்றுமுற்றும் பார்த்தார். பார்த்துக்கொண்டே வந்து மாடியக்கா முன்னால் நின்றார்.

"அட்டை இருக்கா? எடுங்க."

மாடியக்கா பைக்குள் கைவிட்டு ரசீதைத் தேடினார். விரல்கள் எதையும் பிடிக்கவில்லை. ஒரு சீப்பு கீழே விழுந்தது. சுற்றி நின்றவர்கள் தத்தமது போனைப் பார்த்தார்கள்.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஆனால் வாய் ஓடியது. நான் யோசித்துச் செய்யவில்லை. வயிற்றிலிருந்து மூச்சை எடுத்து, கூடத்தில் சொல்கிற அதே குரலில், அதே நிதானத்தில் சொன்னேன்: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. எந்தப் பயணியும் இன்னொரு பயணியிடம் அட்டை கேட்க வேண்டியதில்லை. தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி."

அந்த ஆள் ஒலிபெருக்கியை நிமிர்ந்து பார்த்தார்! எல்லாரும்தான் பார்த்தார்கள். "இப்ப என்ன சொன்னாங்க?" என்று ஒருவர் கேட்டார். "கேட்க வேண்டாமாம்ல" என்றார் இன்னொருவர். அந்த ஆளுக்குக் குழப்பம். நிர்வாகமே சொன்ன பிறகு என்ன செய்வது என்று இரண்டடி பின்னால் போய்விட்டார். ரயில் வந்தது. 

பெட்டிக்குள் மாடியக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை. தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.

டிசம்பர் 3, புதன்

இன்றும். நேற்றும். ஒலிபெருக்கியில் அது முடிந்ததும் நான் ஆரம்பித்துவிடுகிறேன். இப்போது ஆள் யார் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். சிலர் சிரிக்கிறார்கள். ஓர் அம்மா கிட்டே வந்து, "அது நீங்களா? அப்போ நீங்க சொல்றதைக் கேக்குறதா, அது சொல்றதைக் கேக்குறதா?" என்றார். நான் சொல்வதை என்றேன். "அதுவும் நீங்கதானே?" என்றார். நியாயமான கேள்வி. யாரோ போனில் படம் எடுத்தார்கள்.

டிசம்பர் 5, வெள்ளி

வீட்டில் பெரிய சண்டை. கல்யாணமான நாளிலிருந்து இவர் இப்படிக் குரல் உயர்த்திக் கேட்டதில்லை.

"நீ பேசுறது முழுக்கச் சரி. நான் இல்லேன்னு சொல்லல. ஆனா உன் மனசாட்சிக்கு என் கடை வாடகை கட்டணுமா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. தப்பு இருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கதவைச் சாத்திக்கொண்டு போனார். மாலையில் வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி என் கண்ணாடியின் காதுக்கம்பியை நிமிர்த்திக் கொடுத்தார்.

தம்பியும் படத்தைப் பார்த்துவிட்டான். "அக்கா, அது நீயில்லன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கேன்" என்று செய்தி அனுப்பியிருந்தான். நான்தான் என்று பதில் போட்டேன். முதல் தடவையாக அவனிடம் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

வெல்வெட்டின் அறையில் இன்று டீ வந்தது. அப்போதே புரிந்துவிட்டது.

பயணிகள் தொலைபேசியில் கேட்கிறார்களாம், எந்த அறிவிப்பு சரி என்று. ஒரே குரலில் இரண்டு விதமாக வந்தால் நாளைக்கு ரயில் எந்த நடைமேடை என்று சொன்னாலும் நம்ப மாட்டார்களாம். "உங்களை நடைமேடையில நிக்கக்கூடாதுன்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்லம்மா. சீட்டு வாங்கியிருக்கீங்க. அதனால குரலை மாத்துறோம். எல்லாத்தையும். ஊர்ப் பேருலேருந்து எண்கள் வரைக்கும்."

வேலையும் போயிற்று. அதைச் சொல்லும்போதுதான் முதல் தடவையாக அந்தக் குரலில் வெல்வெட் இல்லை. வெறும் மனிதக் குரல், களைத்துப்போன குரல். எனக்கு அவர்மேல் கொஞ்சம் பரிதாபம்கூட வந்தது. எனக்கு வேறு வேலை இல்லை.

டிசம்பர் 19, வெள்ளி

ஊசிக்காது போன் செய்தார். "எல்லாத்தையும் அழிக்கச் சொல்லிட்டாங்கம்மா. ஒரு பிரதி எடுத்துத் தரட்டுமா? யாருக்கும் தெரியாது."

"எனக்கெதுக்குண்ணே? நான்தான் இருக்கேனே" என்றேன்.

சொல்லும்போது கெத்தாகத்தான் இருந்தது. போனை வைத்ததும் அழுகை வந்தது. என் இளமை முழுவதும் அதற்குள் இருந்தது. அம்மா போன மறுவாரம் சொன்ன 'வந்து சேரும்' அதில் இருந்தது. 

டிசம்பர் 22, திங்கள்

புதுக் குரல் வந்துவிட்டது. சின்னப் பெண்ணாக இருக்க வேண்டும். நல்ல குரல், மூச்சுக் கட்டுப்பாடு என்னைவிட மேல். பொறாமையாக இருந்தது, அதை மறைப்பானேன்.

அட்டை அறிவிப்பு அப்படியே இருக்கிறது. ஒரு சொல் மாறவில்லை. அது முடிந்ததும் நான் பேசிப் பார்த்தேன். யாரும் திரும்பக்கூட இல்லை. நடைமேடையில் தனியாகக் கத்துகிற ஒரு பொம்பளை, அவ்வளவுதான். ஒரு காவலர் வந்து, "வீட்டுல யாரும் இல்லையா?" என்று கேட்டார்.

ஆக, நான் என்ன செய்து முடித்தேன்? அது ஒலிக்கிறது. என் வாயிலிருந்து ஒலிக்கவில்லை. ஊருக்கு இதில் என்ன லாபம்? தெரியவில்லை. இன்று பூராவும் இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு திரிந்தேன்.

ஜனவரி 2, வெள்ளி

கடைக்கு அனுமதி இன்னும் வரவில்லை. மறுக்கவும் இல்லை. காத்திருங்கள் என்கிறார்களாம். இவர் தெருவில் இரண்டு மூன்று இடம் பார்த்துவிட்டு வந்தார். "வெளிச்சம் பத்தாது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வெளிச்சம் போட்டுக்கலாம்" என்றார்.

ஜனவரி 8, வியாழன்

தினமும் அந்த விடியற்காலை ரயிலில் மாடியக்காவோடு போய்வருகிறேன். வேலை இல்லாதவளுக்கு வேறென்ன வேலை? மருத்துவமனை வாசலில் அவரை விட்டுவிட்டு, அடுத்த ரயிலில் திரும்பிவிடுவேன். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்வதில்லை. யாராவது வந்து அட்டை கேட்டால் நான் முதலில் என்னுடையதை எடுத்துக் காட்டி, இழுத்து இழுத்துப் பேசி, நிலையம் வரும்வரை கேட்டவர் உயிரை வாங்கிவிடுகிறேன். நேற்று ஒருவர் தப்பித்தால் போதும் என்று பாதியில் எழுந்து போனார்.

இன்று பெட்டியில் இடம் இருந்தது. உட்கார்ந்தோம். மாடியக்கா ஜன்னல் பக்கம், நான் நடைபாதை பக்கம். அட்டை அறிவிப்பு வந்தது, போனது. சலவைக்கூடத்தில் நேற்று இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை, அவர்கள் பங்கையும் சேர்த்துத் தேய்த்ததில் தோள் விட்டுப்போகிறது என்றார். தேர்தல் முடிந்ததிலிருந்து ரயிலில் கண்ணை மூடியதே இல்லை, யார் வருகிறார்கள் யார் பார்க்கிறார்கள் என்றே பயணம் போய்விடுகிறது என்றார். சொல்லிக்கொண்டே இருந்தவர் பேச்சை நிறுத்தினார். திரும்பிப் பார்த்தால் தூங்கிவிட்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. கைப்பை மடியிலிருந்து சரிந்து என் காலில் கிடந்தது. அதை அவர் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். மருத்துவமனை நிலையம் வருவதாகப் புதுக்குரல் சொன்னது. அவருக்குக் கேட்கவில்லை. வண்டி மெதுவானதும் குனிந்து காதருகில், "அக்கா, வந்துருச்சு. இறங்கணும்" என்றேன்.

கண்ணைக்கூடச் சரியாகத் திறக்கவில்லை. எங்கே என்று கேட்காமலே எழுந்து என் பின்னால் வந்தார்.